வாதம் என்னும் ஒரு சொல்

தமிழ்ச் சொற்களுள் மிகுந்த பாரஞ் சுமப்பது யாதெனக் கேட்பின், வாதம் என்பேன். தருக்கமும் வாதம், காற்றும் வாதம், முழங்கால் உளைந்தாலும் வாதம், விரல் மடங்காதுவிடினும் வாதமே. காற்று மிகுந்து மூட்டிற் புகுந்ததென முன்னோர் கொண்டனர். இதனை நகைப்போர் மேனாட்டார் வழங்கும் 'றூமாற்றிசம்' என்பதையும் நோக்குக. அதன் வேராகிய கிரேக்கச் சொல்லுக்கு 'ஒழுகுதல்' என்பது பொருள். அங்கே நீர் ஒழுகிற்று. இங்கே காற்று வீசிற்று.

சொல் ஒன்றாயிருத்தலின் நோயும் ஒன்றெனக் கொள்வதிலேதான் இடர் உண்டு. தேய்ந்த முழங்கால் நடக்க நோகும், ஆறியிருக்கத் தணியும். மற்றொன்று வேறு வகையினது. உடம்பைக் காக்க அமைந்த ஆற்றலே மூட்டின் உட்சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குவது. விடியலில் இரு கைகளின் சிறு மூட்டுக்களும் வீங்கி நெடுநேரம் விறைத்திருக்கும். இயங்க இயங்கவே இளகும். முதுமைக்கே உரிய நோயன்று, இளந்தாயரையும் பற்றும். இலண்டன் மருத்துவர் அல்பிரட் கறொட் என்பார் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு 'றூமற்றொயிட் ஆத்திறைற்றிஸ்' எனத் தனிப்பெயர் வழங்கினார்.

எனக்கு அறிமுகமான ஆசிரியை ஒருவர் இரண்டாண்டு எண்ணெய் பூசியே காலங் கழித்தார். எண்ணெய் தரும் இதத்தை யான் மறுக்கவில்லை. ஆயினும் விரல்கள் சுண்ணக்கட்டி பிடிக்கவியலாவாறு கோணிவிட்டன. கோணிய மூட்டை மருந்து நிமிர்த்தாது. கோணுமுன் தடுக்கவே வல்லது.

அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹெஞ்ச், மஞ்சட் காமாலை கண்டபோதும் கருவுற்றபோதும் இந்நோயாளர் சிலர்க்கு வேதனை தணிந்தமையைக் கண்டார். தணித்த பொருள் உடம்பிலேயே சுரப்பதொன்றாதல் வேண்டும் என அவர் கருதினார். அத்தேடலின் பயனாக, 1948இல் மேயோ மருத்துவ நிலையத்தில் நடக்கவே அரிதாயிருந்த பெண்ணொருத்திக்குக் கோட்டிசோன் ஏற்றப்பட்டது. சில நாட்களில் நடந்தாள். 1950இல் கென்டல், றைக்ஸ்ரைன் என்பாரோடு ஹெஞ்சும் நோபல் பரிசு பெற்றார். வியப்பு நெடிது நிலைக்கவில்லை. மிகுதியாக நெடுநாள் கொண்டோர்க்கு முகம் உப்பியது, எலும்பு நொய்ந்தது.

இக்காலத்தில் முதன்மையாகக் கொடுக்கப்படுவது மெதோறெக்சேற் என்னும் மாத்திரை. புற்றுநோய்க்குப் பேரளவிற் பயன்படும் அது, இந்நோய்க்குச் சிற்றளவிற் கொடுக்கப்படும். குருதியைச் சோதித்துக்கொண்டே உண்ணவேண்டும்; கருவுற்றோர்க்கு ஆகாது. கிழமைக்கு ஒருநாள் மாத்திரமே உண்ணற்பாலது. நாள்தோறும் விழுங்கி உயிர் துறந்தாரும் உளர். ஆதலின் வீட்டிலுள்ளோர் அந்தக் கிழமையை நாட்காட்டியிற் குறித்துவைத்தல் நன்று.