குளியலறை மின்வேலை: தொடங்க முன்னர் சொல்லுங்கள்



நான் ஊரில் வயரிங் வேலை பழகியவன். அந்தத் துணிவில், 2014 இல் இலண்டனில் எங்கள் வீட்டுக் குளியலறையில் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் புதிய விளக்கொன்றை நானே பூட்டினேன். கூலி மிச்சம் என்று சந்தோசப்பட்டேன்.

2019 இல் வீட்டை விற்க வெளிக்கிட்டோம். சொலிசிற்றர் தந்த படிவத்தில் ஒரு கேள்வி: 2005 ஜனவரி 1 இற்குப் பிறகு மின்வேலை ஏதும் நடந்ததா? அதற்கான சான்றிதழ் எங்கே?

"இஞ்சாருங்கோ, நீங்கள் பூட்டின லைற்றுக்குக் கடுதாசி இருக்கோ?" என்று மனைவி கேட்டா. இருக்கவில்லை.

இங்கிலாந்தில் கட்டட விதிகளின் 'பார்ட் பி' 2005 முதல் நடைமுறையில் உள்ளது. குளியல் தொட்டியின் அல்லது ஷவர் தட்டின் விளிம்பிலிருந்து 60 சென்ரிமீற்றருக்குள், நிலத்திலிருந்து 2.25 மீற்றர் உயரம் வரை, மின் இணைப்பைக் கூட்டினாலோ மாற்றினாலோ அறிவிக்க வேண்டும். வீட்டில் எங்கே புதிய சுற்று இழுத்தாலும், பியூஸ் பெட்டியை மாற்றினாலும் அறிவிக்க வேண்டும். பழுதான விளக்கைக் கழற்றி அதே இடத்தில் அதேபோன்ற ஒன்றைப் பூட்டுவதற்கு அறிவிப்புத் தேவையில்லை.

முடிந்த வேலைக்கு ஒப்புதல் கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தேன். பரிசோதிக்க வந்தவர் இரண்டு குறைகளைக் காட்டினார். விளக்கு நீர்த்தெறிப்பைத் தாங்கும் வகை அல்ல. அந்தச் சுற்றில் ஆர்.சி.டி. பாதுகாப்பும் இல்லை.

பியூஸ் வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஈர உடம்பினூடாகப் பாயும் சிறிய மின்னோட்டம் உயிரைப் பறிக்கப் போதும். பியூஸ் எரியப் போதாது. ஆர்.சி.டி. என்பது போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடும் கருவி. 30 மில்லி அம்பியர் அளவு கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

அந்தத் தொட்டியில்தான் எங்கள் பேத்தியைக் குளிப்பாட்டி வந்தோம். அதை நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரண்டு குறைகளையும் திருத்திய பின்னரே ஒப்புதல் கிடைத்தது.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று: என்.ஐ.சி.ஈ.ஐ.சி., நாப்பிற் போன்ற அமைப்புகளில் பதிந்த மின்னியலாளரைக் கொண்டு செய்விப்பது. அறிவிப்பை அவரே பார்த்துக்கொள்வார். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் சான்றிதழ் உங்கள் கைக்கு வரவேண்டும்.

இரண்டு: நீங்களே செய்வதானால், தொடங்க முன்னர் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அறிவித்துக் கட்டணம் கட்டுவது. அவர்கள் பரிசோதித்து, சரியென்றால் நிறைவுச் சான்றிதழ் தருவார்கள்.

மூன்று: பிறர் செய்யும் வேலையைப் பரிசோதித்து உறுதிப்படுத்தப் பதிந்த ஒருவரைத் தொடங்க முன்னரே ஒழுங்கு செய்வது. வேலை முடிந்து 5 நாட்களுக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும். இந்த வழி 2013 முதல் இங்கிலாந்தில் உண்டு. வேல்ஸ், ஸ்கொட்லாந்து விதிகள் வேறு; அங்குள்ளோர் தங்கள் கவுன்சிலில் கேளுங்கள்.

"தெரிஞ்ச தம்பி ஒருவர் மலிவாய்ச் செய்து தாறார்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. தம்பி கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் பதிந்தவரா என்று முதலில் கேளுங்கள். சுவருக்குள் வயரை மூடிப் பூசிய பின்னர், வேறொரு மின்னியலாளர் வந்து அதற்குக் கையெழுத்து வைக்கமாட்டார்.

நான் பழகிய தொழில்தான். என்றாலும் என் வேலையை இன்னொருவர் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது.