கடல் இல்லாத ஊரிலிருந்து கடற்கரைக்கு இரண்டு நாள்

சித்தூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் சென்னைதான். எங்கள் மாவட்டத்தில் மலை உண்டு, மாந்தோப்பு உண்டு, கரும்பு உண்டு. கடற்கரை மட்டும் இருந்ததில்லை. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேச அரசு மாவட்டங்களைத் திருத்தி அமைத்தபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும், பழைய நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் ஆயின. ஒரே அரசாணையில் திருப்பதிக்குக் கடல் கிடைத்தது. சித்தூர் எப்போதும்போல் கரைக்கு உள்ளேயே நின்றுவிட்டது. இச்செய்தியை நாளிதழில் படித்த என் தந்தையார், "நமக்கு மட்டும் இல்லை, பார்த்தாயா?" என்று சிரித்தார்.

அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது எழுபத்தாறு. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயால் அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. இருக்கும் பார்வையைக் காக்கலாம், போனதை மீட்க முடியாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அன்று மாலை வீட்டிற்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றே: "கோயில் எல்லாம் பார்த்தாயிற்று. கூட்டம் இல்லாத கடலை ஒருமுறை பார்க்க வேண்டும்."

முதல் முயற்சியில் நான் தோற்றேன். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் விடுப்பு எடுத்து, கடற்கரையோர விடுதி ஒன்றில் அறை பதிவு செய்திருந்தேன். அந்த வாரம்தான் மிக்ஜாம் புயல் உருவாகி, தமிழகத்தின் வடபகுதியையும் எங்கள் பகுதியையும் மழையில் மூழ்கடித்துவிட்டு, டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகே கரையைக் கடந்தது. பயணம் நின்றது, முன்பணம் திரும்பவில்லை. விடுதியின் மீது குறை கூறுவதற்கு எனக்கு வாயில்லை. இரசீது இல்லை, இரத்து விதிகளைக் கேட்கவில்லை, யாரோ ஒருவருடைய தனிப்பட்ட கைப்பேசி எண்ணுக்கு யுபிஐ வழியாகப் பணம் அனுப்பியிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் இப்படிச் செய்துவிட்டு என் மேசைக்கு முன் வந்து அமர்ந்திருந்தால், அவருக்கு அரைமணி நேரம் அறிவுரை சொல்லியிருப்பேன்.

ஆகவே இரண்டாம் முறை முதலில் முடிவு செய்தது நாளைத்தான். நம் கிழக்குக் கரையில் குளிர்காலம் என்பதை டிசம்பர் என்று கொள்வது பிழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. நவம்பரும் டிசம்பரும் புயல் மாதங்கள். பொங்கல் முடிந்த பின்னர் வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, ஏரியில் நீரும் பறவையும் நிறைந்திருக்கும். பொங்கலிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான நான்கு வாரங்களே நமக்குரிய காலம். அப்போதும் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சூலூர்பேட்டையில் 2001-ஆம் ஆண்டு முதல் பூநாரைத் திருவிழா என்று ஒன்று நடைபெற்று வருகிறது. இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2025-இல் ஜனவரி 18 முதல் 20 வரை மீண்டும் நடந்தது. மேடை, இசை நிகழ்ச்சி, கடைகள் எல்லாம் உண்டு. குழந்தைகளுடன் செல்வோருக்கு அது பொருந்தும். தந்தையார் கேட்டது கூட்டம் இல்லாத கடல் அல்லவா? அதற்கு அடுத்த சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுத்தோம்.

இனிப் பணம். முதல் முயற்சியில் எல்லாவற்றையும் கடன் அட்டையில் ஏற்றி, நடக்காத பயணத்திற்கு மூன்று மாதம் தவணை கட்டினேன். இம்முறை 2024 ஏப்ரலில் மாதம் 1,500 ரூபாய் வீதம் ஒன்பது மாதத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். டிசம்பர் வரை கட்டிய அசல் 13,500 ரூபாய். வட்டி அதற்கு மேல். சித்தூரிலிருந்து புறப்பட்டுச் சித்தூருக்கே திரும்ப ஏறக்குறைய 450 கிலோமீட்டர் ஆகும். என் வண்டி லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும். எரிபொருளுக்கு 3,300 ஒதுக்கினேன். ஓரிரவுக்கு இரண்டு அறைகள் 3,600. நால்வருக்கு இரண்டு நாள் உணவு 2,800. சுங்கம், வண்டி நிறுத்தம் முதலியவற்றுக்கு 500. ஆக 10,200. மீதி 3,300 ரூபாயைத் தொடக்கூடாத பணமாக வைத்தேன். வயதானவருடன் செல்லும்போது அந்த மீதியே ஓட்டுநருக்குத் துணிவு தருகிறது.

சுங்கச் சாவடி பற்றி ஒரு சொல். 2025 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த விதி, செல்லத்தக்க பாஸ்டேக் இல்லாத வண்டி ரொக்கமாகச் செலுத்தினால் இரு மடங்கும், யுபிஐ வழியாகச் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கும் கட்ட வேண்டும் என்றது. புறப்படும் முந்தைய நாளே இருப்பைப் பார்த்து நிரப்பிவிடுங்கள். 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டுச் சீட்டு, ஓராண்டு அல்லது 200 கடப்புகள் வரை தனியார் கார்களுக்குச் செல்லும். வாரந்தோறும் நெடுஞ்சாலையில் செல்வோருக்கு அது இலாபம், ஆண்டுக்கு ஒருமுறை கடலுக்குச் செல்வோருக்குத் தேவையில்லை. பாஸ்டேக் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று கைப்பேசியில் எவர் அழைத்தாலும் கடவுச்சொல்லைக் கூறாதீர்கள்; பயண நாளில் அவசரத்தில் இருப்பவரே இவர்களுக்கு எளிய இரை.

காப்பீடும் அப்படியே. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் நானும் மனைவியும் மகளும் இருக்கிறோம். அதன் வயது வரம்பு 18 முதல் 70 வரை. தந்தையார் அதைக் கடந்துவிட்டார். அவருக்காக நான் செய்ய முடிந்தது, கண் சொட்டு மருந்தைக் குளிர்காப்புப் பையில் வைத்ததும், இரவில் வண்டி ஓட்டுவதில்லை என்று உறுதி செய்துகொண்டதுமே.

காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். திருப்பதியில் சிற்றுண்டி. காளஹஸ்தியில் பொன்முகலி ஆற்றைக் கடந்து நாயுடுபேட்டை சென்று, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினோம். சூலூர்பேட்டைக்கு முன்னரே, தொரவாரி சத்திரம் அருகில், நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்திற்கு வழி பிரிகிறது. 1976-இல் அமைந்தது. ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கின்றன. அவற்றின் கிளைகளில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், இராக்கொக்கு ஆகியவையும் உண்டு. கூழைக்கடா பெரிய பறவை, வெள்ளை நிறம், அசையாது நிற்கும். தந்தையாரால் அவற்றை நன்றாகவே காண முடிந்தது. குஞ்சு, தாயின் அலகுப் பைக்குள் தலையை முழுவதுமாக நுழைத்து இரை எடுப்பதைப் பார்த்து, "இது பிள்ளையா, வருமான வரி அதிகாரியா?" என்றார்.

பிற்பகல் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா சாலையில் சென்றோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டா தீவு அதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியாறும் அதில் கலக்கின்றன. ஊருக்கும் தீவுக்கும் இடையே ஏரியைக் குறுக்கே வெட்டிச் செல்லும் அந்தச் சாலையில், இருபுறமும் நீர். வண்டியை ஓரமாக நிறுத்தினாலே போதும். தீவின் வாயிலுக்கு அப்பால் சதீஷ் தவான் விண்வெளி மையம். பொதுமக்கள் நினைத்தபோது நுழைய இயலாது. ஏவுகணை புறப்படும் நாள்களில் மட்டும், இணையத்தில் முன்பதிவு செய்தோருக்குப் பார்வையாளர் மாடம் உண்டு.

பூநாரைகள் ஆழமற்ற நீரில்தான் நிற்கும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்து, பாசியையும் சிறு இறால் இனங்களையும் உண்ணும். அவற்றின் சிவப்பு அவ்வுணவிலிருந்து வருவது. அன்று அவை சாலையிலிருந்து வெகு தொலைவில் நின்றன. எங்களுக்கே ஒரு வெளுத்த கோடாகத்தான் தெரிந்தன. இரவல் வாங்கி வந்த இருநோக்கியைத் தந்தையார் கண்ணில் வைத்தார். சுருங்கிய பார்வையில் அக்கோடு சிக்கவில்லை. மகள் அவர் தோள்களைப் பிடித்து மெல்ல இடமும் வலமுமாகத் திருப்பினாள். கால்மணி நேரம் ஆகியும் பயனில்லை. "போகட்டும், கண்ணு. நீ பார்த்துச் சொல்" என்று அவர் கூறியபோது, ஒன்பது மாதச் சேமிப்பும் வீணோ என்று எனக்குத் தோன்றியது. கூட்டம் எதனாலோ எழுந்தது அதன் பின்னர்தான். நிற்கும்போது வெண்மையாகத் தெரிந்தவை சிறகு விரித்தபோது செந்நிறமும் கருநிறமுமாக மாறின. வட்டமிட்டுச் சாலையை நோக்கி வந்து மீண்டும் இறங்கின. தந்தையார் இருநோக்கியைக் கீழே இறக்கிவிட்டு, வெறுங்கண்ணால், "சிவப்பு தெரிகிறது" என்றார்.

அன்றிரவு சூலூர்பேட்டையில் தங்கினோம். மறுநாள் காலை தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வழியாகப் பொன்னேரி சென்று, கிழக்கே திரும்பிப் பழவேற்காட்டை அடைந்தோம். அங்கே ஒல்லாந்தர் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று அகழியும் புதரும்தான். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. வணிகவியல் மாணவனாகப் பங்கு நிறுமங்களின் வரலாற்றில் நான் மனப்பாடம் செய்த 1602-ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, சோழமண்டலக் கரைத் துணி வாணிபத்தை இந்த ஊரிலிருந்துதான் நடத்தியது. பங்குதாரர்கள் ஆம்ஸ்டர்டாமில், அவர்களுக்கு ஆதாயம் தேடித் தந்தவர்கள் இங்கே மண்ணுக்கடியில்.

அவ்வூரில் என்னை அதிகம் கவர்ந்த கணக்கு வேறு. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற வழக்கம் மீனவர்களிடையே தலைமுறைகளாக உள்ளது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. ஈடுபெற்றுக் கடன் வழங்கும் தொழிலில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்ட எனக்கு, அதைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும் போல் இருந்தது.

படகு பற்றி எச்சரிக்கை தேவை. 2011 டிசம்பர் 25 அன்று, பழவேற்காட்டில் குடும்பங்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். உயிர்காப்பு உடையும் அனுமதியும் இல்லாத படகில், எவ்வளவு குறைந்த கட்டணம் கூறினாலும் ஏறாதீர்கள். மகளுக்கு ஆசை இருந்தது, நான் மறுத்தேன், வழி நெடுகிலும் முகம் கொடுக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கத்தின் பக்கம் சென்றால் கடல். காலை பத்து மணி. வலை உலர்த்திக்கொண்டிருந்த சிலரைத் தவிர ஆளில்லை. தந்தையார் வேட்டியை மடித்துக் கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நீரில் நெடுநேரம் நின்றார். அலை பின்வாங்கும்போது காலடி மணல் கரைவதை அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார்.

திரும்பும் வழியில் ஊத்துக்கோட்டையில், எல்லையைத் தாண்டுவதற்கு முன், எரிபொருள் நிரப்பினோம். ஆந்திரத்தில் விலை கூடுதல் என்பதை எங்கள் பகுதியில் சிறுவரும் அறிவர். சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், புத்தூர், கார்வேட்டிநகரம் வழியே விளக்கு வைக்கும் நேரத்திற்குச் சித்தூர் வந்து சேர்ந்தோம். தொடக்கூடாத பணத்தில் 640 ரூபாய் மட்டும் செலவாகியிருந்தது. சக்கரத்தில் ஓர் ஆணி.

சென்ற ஏப்ரலில் மீண்டும் ஒரு கணக்குத் தொடங்கினேன். இம்முறை செல்ல வேண்டிய இடத்தைத் தந்தையாரே கூறிவிட்டார்: ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வடக்கே, துர்க்கராஜபட்டினம். சென்னைப் பட்டினத்திற்கு முன்னரே, 1626-ஆம் ஆண்டளவில், ஆங்கிலேயர் ஆர்மகான் என்ற பெயரில் பண்டகசாலை வைத்திருந்த இடம் அது. அங்கிருந்த பிரான்சிஸ் டேதான் 1639-இல் சென்னைக்கான நிலத்தைப் பெற்றவர். பக்கத்திலேயே தூப்பிலிபாளையம் கடற்கரை. கண் மருத்துவரிடம் அடுத்த பரிசோதனை டிசம்பர் இறுதியில். பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமையை நாட்காட்டியில் மகள் வட்டமிட்டு வைத்திருக்கிறாள், தாத்தாவுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக.