"டெபாசிட் போச்சு": தோற்றவரைச் சொல்லும் ஒரு சொல்

தேர்தல் மட்டுமில்லை, கபடி, பரீட்சை, பெண் கேட்டுப் போன இடம் என்று எதில் மண்ணைக் கவ்வினாலும் நம்மவர் சொல்வது ஒன்றுதான்: "டெபாசிட்டே போச்சுங்க." வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதைச் சொன்னால் அருகில் நிற்கும் மலையாளிக்கும் விளங்கும். அவர் மொழியில் அது "கெட்டிவச்ச காசு போயி".

இரண்டு வழக்குகளுக்கும் மூலம் ஒரு சட்டவிதி. வேட்புமனுவோடு ஒரு தொகை கட்ட வேண்டும். பெயருக்கு நிற்பவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. பிரிட்டனில் 1918-இல் 150 பவுன் என்று வைத்தார்கள். எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காதவருக்கு அப்போது பணம் திரும்பவில்லை. நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். செல்லுபடியான ஓட்டு 1,20,000 என்றால் 20,000 போதாது, 20,001 வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது.

ஆகவே தோற்றவர் எல்லாரும் டெபாசிட் இழந்தவர் அல்லர். "தோத்தாலும் டெபாசிட் வாங்கிட்டாருப்பா" என்று ஊரில் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? ஆறு பேரில் ஒருவருக்கு மேல் அவரை நம்பியிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, தோற்றவரையெல்லாம் ஒரே சொல்லால் அடிப்பது நியாயமில்லை.

பணம் போகும் என்று தெரிந்தே நின்றவர்களும் உண்டு. 1996-இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில், தங்கள் கோரிக்கைகளை நாடு கவனிக்கட்டும் என்று விவசாயிகள் திரண்டு மனுப் போட, வேட்பாளர் எண்ணிக்கை 1,033 ஆனது. வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாயிற்று. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள்! வென்றவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். அதே ஆண்டில் சட்டமன்றத்துக்கான தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2010 முதல் 10,000. மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி.

இனி சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசுத்தாளில் காப்புத்தொகை, வைப்புத்தொகை என்று எழுதினாலும் வாயில் வருவது ஆங்கில டெபாசிட்தான். இந்திக்காரர் "ஜமானத் ஜப்த்" என்கிறார். ஜாமீன் பறிமுதல் என்று பொருள். மலையாளத்தின் "கெட்டி" நம் "கட்டி"யேதான். வரி கட்டுகிறோம், ஃபீஸ் கட்டுகிறோம், சீட்டுக் கட்டுகிறோம், அதே கட்டு. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இந்தத் தொகையைக் "கட்டுப்பணம்" என்றே எழுதுகின்றன.

மலையாளப் பள்ளியில் படிக்கும் பேரன் "கெட்டிவச்ச காசு போயி" என்றால், "டெபாசிட்னு தமிழ்ல சொல்லுடா" என்று திருத்தும் தாத்தாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இதில் பேரன் பக்கம்தான் தமிழ் அதிகம். "கட்டி வெச்ச காசு போச்சு" என்று ஒலியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.