மான் போன தடம்

ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கடலைக் கொல்லை உண்டு. சென்ற ஆண்டு இரவில் மேய வந்த புள்ளிமான்களைத் தடுக்க, "மின்கம்பி கட்டிவிடலாம்" என்றார் அப்பா. மானைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதுமட்டுமா? இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வரும் மனிதரையும் அக்கம்பி அறியாது. "ஒரு வாரம் பொறுங்கள் அப்பா" என்றேன்.

வேடர் கொல்லக் கற்ற வித்தையை நான் காக்கக் கற்றேன். மானின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. சுவட்டின் கூர்முனை போன திசையைக் காட்டும். விளிம்பு உதிராதிருந்தால் சுவடு புதியது. புழுக்கை ஈரமாகப் பளபளத்தால் மான் போய் அதிக நேரமாகவில்லை. நண்பகலில் மான்கள் நிழலில் படுக்கும். ஆகவே, காற்று என் முகத்தில் வீசும்படி ஓடைக்கரைப் புதர்களை நோக்கி நடந்தேன்; நம் வாடை பட்டால் அவை ஓடிவிடும். அங்கே புல் அமுங்கிய படுக்கைகள் ஐந்து!

கண்டவற்றைத் தாளில் வரைந்தேன். படுக்கையிலிருந்து வந்த தடங்கள் எல்லாம் வேலியின் ஒரே சந்தில்தான் நுழைந்தன. அதை இலந்தை முள்ளால் அடைத்தோம். ஓடை வழியைத் திறந்தே விட்டோம். கடலை முழுவதும் தப்பவில்லை. ஆனால் மின்கம்பிப் பேச்சு அன்றோடு நின்றது.