‘பரிசு விழுந்திருக்கு, ஜோடியா வாங்க!’ சுற்றுலா கிளப்பில் லட்சக்கணக்கில் பணம் கட்டலாமா?

திருப்பூர்:

“சார், எங்க குலுக்கல்ல உங்களுக்கு பரிசு விழுந்திருக்கு. சாயங்காலம் 6 மணிக்கு மேடத்தையும் கூட்டிக்கிட்டு ஓட்டலுக்கு வந்துடுங்க. பரிசு வாங்கிட்டு, டின்னரும் சாப்பிட்டுட்டு போகலாம்.”

பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடை, பொருட்காட்சி என்று எங்காவது பெயரும் செல்போன் நம்பரும் எழுதி கூப்பன் போட்டவர்களுக்கு இப்படி ஒரு போன் வருவது சகஜம். எடுப்பவர் பனியன் கம்பெனி சூப்பர்வைசராக இருக்கலாம், மளிகைக்கடைக்காரராக இருக்கலாம். பேசுகிறவர் முக்கியமாக கேட்பது 2 கேள்விதான். கல்யாணம் ஆகிவிட்டதா? கிரெடிட் கார்டு இருக்கிறதா?

நம்பிப் போனால் பரிசோடு ஒரு ஒப்பந்தமும் கையெழுத்துக்கு நீட்டப்படும். ‘டைம் ஷேர்’ எனப்படும் சுற்றுலா கிளப் உறுப்பினர் திட்டம்தான் அது. இதில் சேரலாமா? யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

டைம் ஷேர் என்றால் என்ன?

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சொந்த வீடு வாங்க எல்லோராலும் முடியாது. தங்கும் அறைகளை பலர் சேர்ந்து, வருடத்தில் ஆளுக்கு ஒரு வாரம் என்று பங்கு போட்டு பயன்படுத்துவதுதான் டைம் ஷேர். ஸ்டெர்லிங் நிறுவனம் 1986-ம் ஆண்டிலும், மகிந்திரா நிறுவனம் 1996-ம் ஆண்டிலும் இந்த தொழிலில் இறங்கின. அதன்பிறகு சிறிதும் பெரிதுமாக பல கிளப்புகள் முளைத்து விட்டன.

மொத்தமாக ஒரு தொகை கட்டினால் வருடத்துக்கு 7 நாள் தங்கலாம். 25 வருடம் வரை ஓடும் திட்டங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான திட்டங்களில் அறை உங்கள் பெயருக்கு பத்திரம் ஆகாது. தங்கும் உரிமை மட்டும்தான் உங்களுக்கு. திட்டம் முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பலரும் கவனிக்காமல் விடுவது வருட பராமரிப்பு கட்டணத்தை. நீங்கள் டூர் போனாலும் போகாவிட்டாலும் பல கிளப்புகளில் இதை கட்டியே ஆக வேண்டும். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி.

கணக்கு போட்டு பாருங்கள்

ஒரு உதாரணம். உறுப்பினர் கட்டணம் ரூ.3 லட்சம், வருட பராமரிப்பு ரூ.15 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி.யோடு சேர்த்தால் பராமரிப்பு மட்டும் ரூ.17 ஆயிரத்து 700.

அந்த ரூ.3 லட்சத்தை கிளப்பில் கட்டாமல் பேங்கில் டெபாசிட் போட்டு, 6 சதவீத வட்டி வந்தால் வருடத்துக்கு ரூ.18 ஆயிரம். கிளப்பில் கட்டினால் இந்த வட்டி போச்சு. ஆக ஒரு வருட செலவு ரூ.35 ஆயிரத்து 700. இதை 7 நாளுக்கு வகுத்தால் ஒரு ராத்திரிக்கு ரூ.5 ஆயிரத்து 100!

இது அறைக்கு மட்டும். சாப்பாடு, பஸ், ரெயில், கார் எல்லாம் தனி. தவணையில் கட்டினால் அதற்கு வட்டியும் சேரும்.

நீங்கள் வழக்கமாக ரூ.2 ஆயிரம், ரூ.3 ஆயிரம் வாடகையில் தங்குகிற ஆள் என்றால், வேண்டும்போது அறை எடுத்து தங்குவதே மலிவு. பேங்கில் போட்ட ரூ.3 லட்சமும் அப்படியே இருக்கும். கிளப்பில் கட்டிவிட்டு ஒரு வருடம் போகாமல் விட்டால் நஷ்டம் இன்னும் அதிகம்.

ஓட்டல் வாடகையும் வருடா வருடம் ஏறுமே என்று கேட்கலாம். உண்மைதான். பராமரிப்பு கட்டணமும் சேர்ந்துதான் ஏறும். வருடத்துக்கு 7 சதவீதம் ஏறினால் 10 வருடத்தில் அது கிட்டத்தட்ட 2 மடங்கு ஆகிவிடும்.

மே மாதம் அறை கிடைக்குமா?

பிள்ளைகளுக்கு லீவு விடுவது கோடையில்தான். ஊரே ஊட்டிக்கு கிளம்புவதும் அப்போதுதான். விலை குறைந்த திட்டங்களில் இந்த சீசன் நாட்களை பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தாலும் பல மாதம் முன்பே புக்கிங் செய்யாவிட்டால் ‘புல்’ என்று பதில் வரும்.

லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியாத கம்பெனி தொழிலாளிக்கும், கடையை பூட்ட முடியாத வியாபாரிக்கும் இது ஒத்துவராது.

வருடம் தவறாமல் ஒரு வாரம் குடும்பத்தோடு டூர் போகிறவர்கள், முன்கூட்டியே தேதி சொல்ல முடிகிறவர்கள், தரமான பெரிய அறை வேண்டும் என்பவர்கள், கடன் வாங்காமல் பணம் கட்டுகிறவர்கள். இவர்களுக்கு நல்ல கம்பெனி திட்டம் கட்டுப்படியாகலாம்.

முதலீடு அல்ல

“தங்காட்டி பரவாயில்ல சார், பணம் கூடி திரும்ப வரும்” என்று சொன்னால் உஷார். பான்கார்டு கிளப்ஸ் என்ற மும்பை நிறுவனம், ஓட்டலில் தங்கும் திட்டம் என்ற பெயரில் 50 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் ரூ.7 ஆயிரம் கோடிக்கு மேல் வசூலித்தது. தங்காதவர்களுக்கு பணம் கூடுதலாக திரும்பக் கிடைக்கும் என்பதுதான் அதில் தூண்டில். அனுமதி இல்லாமல் நடத்திய முதலீட்டு திட்டம் இது என்று கூறி, பணத்தை திருப்பித்தர 2016-ம் ஆண்டு ‘செபி’ உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.

‘இன்னைக்கு மட்டும்தான் இந்த ரேட்’

ஓட்டல் ஹாலில் சத்தமாக பாட்டு ஓடும். பக்கத்து மேஜையில் யாராவது சேர்ந்தால் கைதட்டுவார்கள். 2 மணி நேரம் பேசி முடித்து, ராத்திரி 9 மணிக்கு “இன்னைக்கு மட்டும்தான் சார் இந்த ரேட்” என்பார்கள். “ஏனுங்க, அது பாப்பா காலேஜ் பீசுக்கு வெச்ச பணமுங்க” என்று மனைவி காதோடு சொன்னாலும், நாலு பேர் முன்னால் ‘முடியாது’ என்று சொல்ல கணவருக்கு கூச்சம். அந்த கூச்சத்தில்தான் கிரெடிட் கார்டு வெளியே வருகிறது.

உண்மையிலேயே நல்ல திட்டம் என்றால் நாளைக்கும் அது இருக்கும். ஒப்பந்த நகலை வீட்டுக்கு எடுத்துப்போய் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படிக்கும்போது பார்க்க வேண்டியவை:

* ரிசார்ட் கிளப்புக்கு சொந்தமா, வாடகைக்கு எடுத்ததா?

* எந்தெந்த மாதம் தங்கலாம்?

* பராமரிப்பு கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறும்?

* எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம், எவ்வளவு பிடிப்பார்கள்?

* வேறு ஒருவருக்கு மாற்றித்தர முடியுமா?

வாயால் சொன்ன சலுகை எதுவானாலும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு கேட்க முடியாது.

கையெழுத்து போட்டாச்சா?

பதற வேண்டாம். ரத்து செய்ய அவகாசம் இருந்தால் உடனே இ-மெயிலிலும், ஸ்பீடு போஸ்ட்டிலும் கடிதம் அனுப்புங்கள். ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் தகவல் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்த பேங்க் உங்களைத்தான் கேட்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்கு போடலாம். கிளப் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் வழி செய்திருக்கிறது. கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் வழக்கு கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

ஊட்டி எங்கேயும் ஓடிவிடாது. காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய தேதி காத்திருக்காது. கார்டை எடுப்பதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் வீட்டம்மா காதோடு சொல்வதை ஒரு நிமிடம் கேளுங்கள்.