அழகான மரமா, அடங்கும் மரமா?

1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே பிறந்த ஆட்டம் ஸ்னூக்கர். 1958-இல் நம் நாட்டு வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். இந்த ஆட்டங்களிலும், இவற்றின் உறவான பூல் ஆட்டத்திலும் பந்தைத் தள்ளும் கோலுக்கு ‘கியூ’ என்று பெயர். நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். எடை அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். இந்தக் கோலுக்கு எந்த மரம் ஏற்றது? வாருங்கள், காண்போம்.

கோலின் முன்பாதி நேரான ரேகை கொண்ட ஆஷ் அல்லது மேப்பிள் மரத்தால் ஆனது. கைப்பிடிப் பகுதியில்தான் அழகு வேலை எல்லாம். கருங்காலியும் ஈட்டியும் அங்கே இடம்பெறுவது நிறத்துக்காக மட்டுமன்று. கருங்காலி தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. பின்பக்கம் கனத்தால்தான் கோல் கையில் சமநிலை பெறும்.

மரத்துக்கு இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? தண்டின் வெளிப்பகுதி நீரைக் கடத்துகிறது. இது வெளிறு. மரம் முதிர முதிர உள்ளே இருக்கும் செல்கள் இறந்து, அவற்றில் நிறப்பொருள்கள் சேர்கின்றன. இதைத்தான் நம் தச்சர்கள் ‘வைரம் பாய்ந்த மரம்’ என்கிறார்கள்.

இனி, பாகூர் கொம்யூனில் தென்பெண்ணையாற்றை ஒட்டியுள்ள சோரியாங்குப்பம் போன்ற ஓர் ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே கருங்காலிக் காடு இல்லை. ஆனால் இப்பகுதிக்கு நன்கு பழகிய மரங்கள் பூவரசும் பனையும். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியிருப்பீர்கள். அதன் வைரம் சாக்லேட் நிறம் என்பதைக் கவனித்ததுண்டா? பனை இன்னும் விந்தையானது. அது ஒருவித்திலைத் தாவரம். அதில் ஆண்டு வளையம் கிடையாது. வாஸ்குலார் கற்றைகள் தண்டின் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் விலகியும் இருக்கும். ஆகவே ஓரம் இரும்பு போன்றது, நடு சோறு போன்றது. ஓரத்தை நெடுக்காக அறுத்தால் வெளிர்ப் பழுப்பில் கறுப்புக் கோடுகள் தெரியும். அயல்நாட்டுக் கோல் செய்வோர் இத்தகைய மரத்தை விரும்பி வாங்குகிறார்கள்.

ஆனால் அழகு மட்டும் போதாது. உலரும்போது மரம் நீளவாட்டில் மிகக் குறைவாகவே சுருங்கும். வளையங்களை ஒட்டிய திசையிலோ, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். இந்த வேறுபாடே மரத்தை முறுக்குகிறது. ஆகவே தேர்ந்த கைவினைஞர், மரத்தைச் சிறிது கடைவார், சில வாரம் ஓய்வு கொடுப்பார், மறுபடி கடைவார். இப்படிப் பல மாதங்கள் ஆகும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அவசரம் ஆகாது.

2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கன்பேட்டை நாகசுரத்துக்கு, பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சாமரத்தைத் தேடுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? பல்லாண்டு உலர்ந்த மரம் அடங்கிவிட்டது. இனி எளிதில் முறுக்காது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அழகே சில மரங்களுக்குப் பகையாயிற்று. செம்மரத்தின் பன்னாட்டு வாணிகம் 1995 முதலும், ஈட்டியின் வாணிகம் 2017 முதலும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. இடித்த வீட்டின் உத்தரத்துக்காக எந்தக் காட்டையும் வெட்ட வேண்டியதில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே சீரான பருமனுள்ள உலர்ந்த குச்சி ஒன்றைப் பத்துச் சம பாகங்களாகக் குறியிடுங்கள். உயரமான பாத்திர நீரில், சாயாமல் விரலால் லேசாகத் தாங்கி, நிமிர்த்தி மிதக்க விடுங்கள். ஏழு பாகம் மூழ்கினால் அதன் ஒப்படர்த்தி 0.7. பின்பு இன்னொரு நீண்ட குச்சியைச் சமதளத்தில் உருட்டுங்கள். தடதடவென்று துள்ளினால் அது வளைந்தது. சீராக உருண்டால் நேரானது. பூவரசு, புளி, பனை மூன்றையும் இவ்வாறு சோதித்து அட்டவணையிடுங்கள். உங்கள் ஊர்க் கோலுக்கு எந்த மரம் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்!