அறுத்த பின் தெரியும் விலை: அயர்லாந்தின் மாடுகளும் இறைச்சி ஆலைகளும்

அயர்லாந்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 17 முதல் 18 லட்சம் மாடுகள் இறைச்சி ஆலைகளில் அறுக்கப்படுகின்றன. அந்த இறைச்சியில் பத்தில் ஒன்பது பங்கு கடல் கடந்து போகிறது, அதிலும் பெரும் பங்கைப் பிரிட்டன் வாங்கிக்கொள்கிறது. மழையும் மிதமான குளிரும் சேர்ந்து ஆண்டின் பெரும்பகுதிக்குப் பசும்புல் தரும் அந்நாட்டில், மாடு வளர்ப்பு பல்லாயிரம் குடும்பப் பண்ணைகளின் பிழைப்பாக இருக்கிறது. ஆயினும் இரண்டு ஆண்டுக்கு மேல் பாடுபட்டு வளர்த்த மாட்டை லாரியில் ஏற்றி அனுப்பும் விவசாயிக்கு, அதற்கு எவ்வளவு பணம் வரும் என்பது, அது அறுக்கப்பட்டுத் தோலுரிக்கப்பட்டு எடை போடப்பட்ட பின்னரே உறுதியாகத் தெரிகிறது.

ஆலைக்கு வரும் மாடுகள் இரு வழிகளில் பிறக்கின்றன. ஒன்று, பால் கறக்காமல் கன்றுக்கே முழுப் பாலையும் விடும் இறைச்சி இனப் பசுக்களின் கன்று. இவ்வகை மந்தைகள் நிலம் ஈரமும் கல்லுமாக இருக்கும் மேற்கு மாவட்டங்களில் மிகுதி. மற்றொன்று, பால் பண்ணையில் உபரியாகும் கன்று. ஐரோப்பிய ஒன்றியம் பால் உற்பத்திக்கு விதித்திருந்த உச்சவரம்பு 2015 ஏப்ரலில் நீங்கியபின் பால் மந்தைகள் பெருகியதால், இரண்டாம் வகைக் கன்றுகளின் வரத்தும் பெருகியது. கன்று ஒரு பண்ணையில் பிறந்து, இன்னொரு பண்ணையில் புல் மேய்ந்து வளர்ந்து, மீத், கில்டேர் போன்ற கிழக்கு மாவட்டங்களின் செழித்த நிலத்துக்கு வந்து கொழுப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். அறுப்பதற்கு ஏற்ற சதையும் அளவான கொழுப்பும் ஏறிய மாட்டையே தேறிய மாடு என்கிறோம். புல்லும், பதப்படுத்திச் சேமித்த ஊறுகாய்ப்புல்லும், கடைசி மாதங்களில் அடர்தீவனமும் கொடுத்து அந்நிலைக்குக் கொண்டுவருவதே மிகுந்த செலவு பிடிக்கும் கட்டம்.

தேறாத மாடு பெரும்பாலும் ஏலச்சந்தையில் விற்கப்படுகிறது. தெருக்களில் நடந்த பழைய மாட்டுச் சந்தைகளின் இடத்தில் 1950-களிலிருந்து கூட்டுறவு ஏலச்சந்தைகள் எழுந்தன. அங்கே மாடு உயிரோடு எடை போடப்பட்டு, பலர் முன்னிலையில் விலை கூறப்படுகிறது, கேட்ட விலை போதவில்லை என்றால் உடையவர் மாட்டை வீட்டுக்கு ஓட்டிச் செல்லலாம். ஆலையில் அந்த உரிமை கிடையாது, ஏனெனில் விலை உடற்பொருளுக்கே, அதாவது தலை, தோல், குளம்பு, குடல் முதலியவை நீக்கப்பட்ட உடலுக்கே கணக்கிடப்படுகிறது. அந்த நிலைக்கு வந்த மாட்டைத் திரும்பக் கேட்க வழியில்லை.

உயிரெடையில் உடற்பொருள் எத்தனை விழுக்காடு என்பது இனத்தைப் பொறுத்தது: பால் இனங்களில் பாதியை ஒட்டியும், சதைப்பற்று மிக்க இறைச்சி இனங்களில் அதைவிட வெகுவாக உயர்ந்தும் நிற்கும். 650 கிலோ எடையுள்ள ஒரு காயடித்த காளையில் இது 54 விழுக்காடு என்றால் உடற்பொருள் 351 கிலோ. சூடான உடலை எடை போட்டு, குளிரும்போது ஏற்படும் நீரிழப்புக்காக 2 விழுக்காடு கழித்து வரும் குளிர் எடைக்கே பணம் தரப்படுகிறது. எடை போடும் முன் எவ்வளவு கொழுப்பைச் சீவலாம் என்பதற்கு ஐரோப்பிய விதி உண்டு. அதை மீறிச் சீவினால் விவசாயியின் எடை குறையும் என்பதால், வேளாண் துறை அலுவலர்கள் ஆலைகளில் திடீர்ச் சோதனை செய்கிறார்கள்.

அடுத்தது தரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவுகோல் உடலின் சதைத் திரட்சியை இ, யு, ஆர், ஓ, பி என்ற ஐந்து எழுத்துகளால் குறிக்கிறது. இ மிகத் திரண்டது, பி மிக மெலிந்தது. கொழுப்பு 1 முதல் 5 வரை எண்ணால் குறிக்கப்படுகிறது. ஒவ்வொரு வகுப்பும் மேலும் மூன்றாகப் பிரிவதால் சதைக்குப் பதினைந்து படி, கொழுப்புக்குப் பதினைந்து படி. 2004 முதல் அயர்லாந்தின் ஆலைகளில் இந்தத் தரத்தை ஒளிப்படக் கருவியும் கணினியும் கணிக்கின்றன. இந்தப் படிகளுக்கு ஏற்பப் பணம் கூட்டவும் குறைக்கவும் 2009 இறுதியில் தரவிலை முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. நடுத்தரமான ஆர் வகுப்புக்கு ஓர் அடிப்படை விலை, அதற்கு மேலும் கீழும் சதையின் ஒவ்வொரு படிக்கும் கிலோவுக்கு 6 சென்ட் ஏற்ற இறக்கம் என்பது அதன் சாரம். மேலே சொன்ன காளை ஆர் நடுப்படியிலிருந்து யு நடுப்படிக்கு, அதாவது மூன்று படி, உயர்ந்தால் கிலோவுக்கு 18 சென்ட் வீதம் சுமார் 62 யூரோ கூடும். ஓ நடுப்படிக்கு இறங்கினால் அதே தொகை குறையும். பால் பண்ணைக் கன்றுகள் பெரும்பாலும் ஓ, பி வகுப்புகளில் விழுவதால், இக்கணக்கு அவற்றை வளர்ப்பவரை நேரடியாகத் தாக்குகிறது.

இதன்மேல் ஊக்கத்தொகை ஒன்று உண்டு. மாடு 30 மாதத்துக்குக் குறைந்த வயதுடையதாக இருக்க வேண்டும். தரச்சான்று பெற்ற பண்ணையிலிருந்து வர வேண்டும். வாழ்நாளில் நான்கு பண்ணைகளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. கடைசிப் பண்ணையில் குறைந்தது 60 நாள் இருந்திருக்க வேண்டும். வயது வரம்பின் வேர் பித்தப் பசு நோயில் இருக்கிறது: 1996-இல் அந்நோய் மனிதரைத் தாக்கக்கூடும் என்று பிரிட்டன் அறிவித்தபின், 30 மாதம் தாண்டிய மாடுகள் அந்நாட்டின் உணவிலிருந்து விலக்கப்பட்டன, 2005-இல் அந்த விதி தளர்ந்தபோதும், கடைத்தொடர்கள் அந்த எண்ணைத் தம் கொள்முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டன. பண்ணை எண்ணிக்கை விதிக்கு இவ்வளவு நியாயமும் இல்லை. நான்கு பண்ணை மாறியதாலோ ஐந்து மாறியதாலோ இறைச்சியின் சுவை கெடுவதில்லை என்று விவசாயிகள் கூறுவது சரியானதே. அந்த விதி மாடு கைமாறுவதைத் தடுத்து, ஏலச்சந்தையின் போட்டியைக் குறைத்து, தேறிய மாட்டை ஆலையின் வாசலுக்கே தள்ளுகிறது.

விவசாயியின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதை இந்த இடத்தில் தெளிவாகக் காணலாம். நெல்லைப் போல மாட்டைக் குதிரில் போட்டு நல்ல விலைக்காகக் காத்திருக்க முடியாது. தேறிய மாடு ஒவ்வொரு நாளும் தீவனம் தின்கிறது. அந்தத் தீவனம் இனிச் சதையாகாமல் கொழுப்பாக மாறி, தரத்தைக் கீழே இழுக்கிறது. 29 மாதத்தில் இருக்கும் மாடு இரண்டு மாதம் காத்திருந்தால் முழு ஊக்கத்தொகையை இழக்கிறது. போதாக்குறைக்கு, இலையுதிர் காலத்தில் புல் குறைந்து, மாடுகளைக் குளிர்காலக் கொட்டிலில் அடைக்கும் முன் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வருவதால், வரத்து குவிந்து விலை சரிகிறது. ஆலைகளுக்கோ அவசரமில்லை, சில ஆலைகள் தம் கட்டுப்பாட்டிலுள்ள, மாடுகளைக் கொழுக்கவைக்கும் கொட்டில்களில் மாடுகளை வைத்திருக்கின்றன, வரத்து குறையும் வாரத்தில் அவற்றை அறுத்து விலையேற்றத்தைத் தணிக்க முடியும். ஏபிபி, டான் மீட்ஸ், கெப்பாக் ஆகிய மூன்று நிறுவனங்களே கொள்முதலின் பெரும்பகுதியை வைத்திருக்கும் சந்தையில், ஐந்து மாடு விற்க வரும் விவசாயி பேரம் பேசுவது பெயரளவுக்கே.

இந்தக் கசப்பு 2019-இல் வெடித்தது. அடிப்படை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே போய்விட்டதாகக் குமுறிய விவசாயிகள், ஜூலை இறுதியில் தொடங்கி செப்டம்பர் வரை ஆலை வாசல்களில் மறியல் செய்தனர்; பல ஆலைகள் மூடப்பட்டு, தொழிலாளர்கள் தற்காலிகமாக வேலையிழந்தனர். செப்டம்பர் 15 அன்று கையெழுத்தான உடன்பாட்டில், நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றும் மாட்டுக்கான ஊக்கத்தொகை கிலோவுக்கு 12 சென்ட்டிலிருந்து 20 சென்ட்டாக உயர்ந்தது. வயது சற்றுக் கடந்தவற்றுக்கும் ஓ வகுப்பின் கீழ்ப்படிக்கும் அதைவிடக் குறைந்த ஊக்கத்தொகைகள் ஏற்பட்டன. ஆனால் போராட்டத்தின் உயிர்க்கோரிக்கையான அடிப்படை விலையைப் பற்றி அந்த உடன்பாடு ஒன்றும் சொல்லவில்லை. போட்டிச் சட்டத்தின்படி நிறுவனங்கள் ஒன்றாகக் கூடி விலை நிர்ணயிப்பது குற்றம் என்பதால், அதைப் பேச்சு மேசையில் வைக்கவே முடியவில்லை. தனித்தனியே விற்கும் ஆயிரக்கணக்கானோரைவிட, சட்டம் அனுமதிக்கும் உற்பத்தியாளர் அமைப்புகளாகச் சேர்ந்து விற்போரே இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட முடியும். அந்த வழி இன்றும் போதுமான அளவுக்குப் பயன்படுத்தப்படவில்லை.

2023 டிசம்பரில் வேளாண் உணவு ஒழுங்குமுறை ஆணையம் தோன்றி, நியாயமற்ற வணிக நடத்தைகளை விசாரிக்கவும் சந்தை நிலவரங்களை ஆராய்ந்து வெளியிடவும் தொடங்கியது. 2025-இல் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மாட்டு வரத்து குறைந்ததால் விலை கிலோவுக்கு 7 யூரோவைக் கடந்தது. இந்த உயர்வு விவசாயிக்குத் தந்த ஆறுதல் உண்மையானது. எனினும் அது தட்டுப்பாட்டால் வந்த உயர்வு, விவசாயியின் பேர வலிமையால் வந்ததன்று. வரத்து மீண்டும் பெருகும் ஆண்டில் 2019 திரும்பாமல் இருக்க வேண்டுமானால், மாடு லாரியில் ஏறும் முன்பே அடிப்படை விலையை எழுத்தில் தரும் கடமை ஆலைகளுக்கு விதிக்கப்பட வேண்டும். அறிவியல் அடிப்படையற்ற பண்ணை எண்ணிக்கை விதி நீக்கப்பட வேண்டும்.